மண் கருவில் பிறந்த கண்ணாடிக் குப்பிகள்

கண்ணாடி என்றவுடன் ஒளி ஊடுருவும் பொருள் ஒன்றே நம் நினைவுக்கு வருகின்றது. சன்னல் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி, மருந்துப் புட்டி ஆகிய யாவும் அத்தகையனவே. ஆனால் மனிதன் கண்ணாடியைக் கொண்டு முதன்முதல் செய்த கலங்கள் அத்தகையன அல்ல. உள்ளே இருப்பது வெளியே தெரியாத, கனத்த, வண்ணக் கலங்கள் அவை. அவற்றை ஊதியும் செய்யவில்லை. களிமண்ணால் ஒரு கருவை உருவாக்கி, அதன்மேல் இளகிய கண்ணாடியைப் போர்த்தி, ஆறிய பின்னர் உள்ளிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டனர். மண் நீங்கிய வெற்றிடமே கலத்தின் வயிறாயிற்று.

இம்முறையில் செய்யப்பட்டவற்றுள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்க உலகில் வழங்கிய நறுநெய்க் குப்பிகள் தனிச் சிறப்புடையன. பெரும்பாலானவை ஒரு சாண் உயரத்திற்கும் குறைந்தவை. உள்ளங்கையில் அடங்குபவை பல. கருநீல உடலின்மேல் மஞ்சளும் பசுநீலமும் அலையலையாக ஓடும். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையிலும், பாரிஸ் நகரத்து லூவரிலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திலும், ரோட்ஸ் தீவிலும் இவற்றை இன்றும் காணலாம்.

இவற்றைச் செய்த கைவினைஞர் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. செய்முறையை விளக்கும் கிரேக்க நூல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் குப்பி எவ்வாறு உருவாயிற்று என்பதை இன்றைய அறிஞர்கள் படிப்படியாக எடுத்துரைக்கின்றனர். ஏட்டில் எழுதப்படாத ஒரு தொழிலை எவ்வாறு அறிந்தனர்? யாரும் பார்க்கவேண்டாதது என்று கைவினைஞர் விட்டுவிட்ட உட்சுவரே அவர்களுக்கு ஏடாக அமைந்தது. அதனை அவர்கள் படித்த வரலாறு, குப்பியின் வரலாற்றைப் போலவே சுவையானதாகும்.

வார்த்த கல்

முற்கால மக்கள் கண்ணாடியை ஒருவகைக் கல்லாகவே கருதினர். நீலமணிக் கல் ஒன்று தொலைவிலுள்ள மலைகளிலிருந்து மேற்காசிய நாடுகளுக்கு அரிதாக வந்துகொண்டிருந்தது. அதன் நிறத்தைச் சூளையில் உண்டாக்க முடியும் என்று கண்டபோது, மெசபொட்டேமிய மக்கள் இரண்டிற்கும் ஒரே பெயரை வைத்தனர். மலையில் கிடைப்பது 'மலை நீலமணி'; சூளையில் பிறப்பது 'சூளை நீலமணி'. பெயரளவில் வேறுபாடு இவ்வளவே.

கிரேக்கர் வழக்கும் இதனை ஒட்டியதே. எகிப்தியர் சிலர் முதலைகளைப் பேணி வளர்த்து, அவற்றின் காதுகளில் அணிகள் பூட்டுவர் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகின்றார். அவ்வணிகள் பொன்னாலும் 'வார்த்த கல்'லாலும் ஆனவை என்பது அவர் கூற்று. வார்த்த கல் என்றது கண்ணாடியையே என்பர் அறிஞர். பின்னர்க் கண்ணாடிக்கு 'ஹையாலோஸ்' என்ற சொல் நிலைபெற்றது. அச்சொல்லும் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் கற்களைக் குறித்ததே. கி.மு. 423-இல் அரங்கேறிய 'மேகங்கள்' என்னும் நாடகத்தில், கடன்பட்ட கிழவன் ஒருவன் வேடிக்கையான ஒரு தந்திரம் சொல்கின்றான். மருந்துக் கடையில் விற்கும் தீமூட்டும் ஹையாலோசை வாங்கிவந்து, வெயிலில் நின்று, மெழுகுப் பலகையில் எழுதிய கடன் வழக்கை உருக்கிவிடுவானாம். நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் கூறும் அப்பொருள் பளிங்கா கண்ணாடியா என்று துணிவது எளிதன்று. சொல் இரண்டிற்கும் பொதுவாக நின்றது.

தமிழிலும் இவ்வாறு பொருள் விரிந்துள்ளமை நினைக்கத்தக்கது. 'ஆடி' என்பது முகம் பார்க்கும் கருவி. 'கண்ணாடி'யும் முதலில் அதனையே குறித்தது. பிற்காலத்தில் அக்கருவியின் பெயர், அது செய்யப்படும் மூலப்பொருளுக்கே உரியதாயிற்று. கிரேக்கர் ஒரு கல்லின் பெயரால் கண்ணாடியை அழைத்தனர். தமிழர் ஒரு கருவியின் பெயரால் அழைத்தனர். ஒரு பொருளை மக்கள் முதலில் எதுவாகக் கண்டனர் என்பதைச் சொற்கள் காட்டிவிடுகின்றன.

கண்ணாடியைக் கல் என்று கருதியவர்கள், அதனைக் கல்லைப் போலவே மதித்தனர். கி.மு. 425-இல் அரங்கேறிய மற்றொரு நாடகத்தில், பாரசீகத்திற்குச் சென்று மீண்ட ஏதென்ஸ் தூதர்கள், அங்கே கண்ணாடிக் கிண்ணங்களிலும் பொற்கிண்ணங்களிலும் இனிய மதுவைக் கட்டாயமாகக் குடிக்க நேர்ந்ததே என்று போலியாக அலுத்துக்கொள்கின்றனர். பொன்னும் கண்ணாடியும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட காலம் அது.

மணலும் உவர்மண்ணும்

கண்ணாடிக்கு மூலப்பொருள்கள் மூன்று: மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு. தூய மணல் உருகுவதற்கு ஏறத்தாழ 1,700 சென்டிகிரேட் பாகை வெப்பம் வேண்டும். பழங்காலச் சூளைகள் அவ்வெப்பத்தை எட்டவில்லை. சோடாவைச் சேர்த்தால் மணல் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் கலந்த கண்ணாடி நீரில் கரையும் தன்மையது. சுண்ணாம்பு அதனை நிலைப்படுத்துகின்றது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருப்பதால், சுண்ணாம்பு பெரும்பாலும் மணலோடு தானாகவே சேர்ந்துவிட்டது.

சோடாவுக்குத் தொடக்கத்தில் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினர். கி.மு. முதல் ஆயிரம் ஆண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளில் 'நேட்ரன்' என்னும் உவர்மண் அதன் இடத்தைப் பெற்றது. எகிப்தில் வாடி நேட்ரன் என்னும் பள்ளத்தாக்கின் உப்பேரிகளில் அது கிடைத்தது. கிரேக்க உலகின் குப்பிகள் இந்த நேட்ரன் கண்ணாடியால் ஆனவையே.

கி.பி. 79-இல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி, கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டதைப் பற்றி ஒரு கதை கூறுகின்றார். நேட்ரன் வணிகர் சிலர் பினீசியக் கடற்கரையில் சமைப்பதற்கு இறங்கினர். அடுப்புக்குக் கல் கிடைக்காமையால் நேட்ரன் கட்டிகளை வைத்தனர். நெருப்பில் அவை மணலோடு கலந்து உருகிக் கண்ணாடியாக ஓடின என்பது கதை. கேட்க இனியதாயினும் இதனை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. திறந்த வெளியில் எரியும் சமையல் நெருப்பு அத்தகைய வெப்பத்தைத் தராது. அன்றியும், பினீசிய வணிகம் ஓங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மெசபொட்டேமியாவிலும் எகிப்திலும் கண்ணாடி வழங்கியது.

கண்ணாடியின் இயல்பு ஒன்றை ஈண்டு மனத்திற் கொள்ளவேண்டும். பனிக்கட்டி உருகும்போது திடீரென நீராகிவிடுகின்றது. கண்ணாடி அவ்வாறு மாறுவதில்லை. அது வெல்லப்பாகைப் போன்றது. சூடேற ஏறச் சிறிது சிறிதாக இளகும். ஆற ஆறச் சிறிது சிறிதாக இறுகும். பாகில் கம்பிப் பதம் வருவதுபோல, கண்ணாடியிலும் நூலாக இழுக்கத்தக்க ஒரு பதம் வரும். அந்தப் பதம் நீடிக்கும் சில கணங்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பதம் தவறினால் மறுபடியும் நெருப்பில் காட்ட வேண்டும். குப்பி செய்யும் தொழில் முழுவதும் இந்த ஒரு பண்பை நம்பியே நின்றது.

எகிப்திலிருந்து கிரேக்க உலகிற்கு

கருவின்மேல் கண்ணாடிக் கலம் செய்யும் முறை கி.மு. 16-ஆம் நூற்றாண்டளவில் மெசபொட்டேமியாவில் தோன்றியது. அடுத்த நூற்றாண்டில், மூன்றாம் துத்மோசிஸ் ஆட்சிக் காலத்தில், எகிப்திலும் அது வேரூன்றிவிட்டது. எகிப்திய அரசவையின் ஒப்பனைப் பொருள்களுள் கண்ணாடிக் குப்பிகள் உயர்ந்த இடம் பெற்றன.

கண்ணாடியை உருக்கி ஆக்குவது ஒரு தொழில். ஆக்கிய கண்ணாடியைக் கலமாக்குவது மற்றொரு தொழில். இவ்விரண்டும் ஒரே ஊரில் நடக்கவேண்டும் என்பதில்லை. துருக்கியின் தென்கரையில் உளுபுருன் என்னும் இடத்தருகே கி.மு. 1300-ஐ ஒட்டி மூழ்கிய கப்பல் ஒன்றை 1984 முதல் 1994 வரை ஆராய்ந்தனர். அதில் ஏறக்குறைய 175 கண்ணாடிக் கட்டிகள் கிடைத்தன. கருநீலம், பசுநீலம் முதலிய நிறங்களையுடைய வட்டக் கட்டிகள் அவை. கலமாக்கப்படாத மூலக் கண்ணாடி. இத்தகைய வணிகம் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், சேர நாட்டு முசிறித் துறையில் இறக்குமதியான பண்டங்களுள் வேலை செய்யப்படாத கண்ணாடியையும் சேர்த்து எண்ணுகின்றது.

கி.மு. 1200-க்குப் பின்னர்க் கிழக்கு மத்தியதரைப் பகுதியின் பேரரசுகள் பல சரிந்தன. அரண்மனைகளை நம்பி வாழ்ந்த தொழில்களும் உடன் தளர்ந்தன. கண்ணாடிக் குப்பி சில நூற்றாண்டுகள் அருகியே காணப்படுகின்றது. கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில் மெசபொட்டேமியாவில் அது மீண்டும் தழைத்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏஜியன் கடற்பகுதியில் புதிய உருவத்தோடும் புதிய அழகோடும் தோன்றியது. அங்கு அதற்கு அரசர் அவை மட்டும் புகலிடமாக இருக்கவில்லை. பொருள் வசதியுள்ள குடும்பங்களின் வீடுகளிலும், கோயில் காணிக்கைகளிலும், கல்லறைகளிலும் அது இடம் பெற்றது.

கருவும் கலமும்

அச்சு என்பது பொருளுக்கு வெளியிலிருந்து வடிவம் கொடுப்பது. கரு என்பது உள்ளிருந்து வடிவம் கொடுப்பது. குப்பி செய்வோன் முதலில் ஓர் உலோகக் கம்பியை எடுத்து, அதன் நுனியில் களிமண்ணைப் பிசைந்து அப்பினான். வெறுங்களிமண் போதாது. மணலும், சாணம் அல்லது தவிடு போன்ற தாவரப் பொருளும் அதனோடு சேரவேண்டும். சூட்டில் தாவரப் பொருள் எரிந்துபோக, கரு நுண்துளைகள் உடையதாகின்றது. ஆவி வெளியேற வழி பிறக்கின்றது. பின்னர்ச் சுரண்டும்போது கரு எளிதில் உதிர்கின்றது. குப்பியின் வயிறு எவ்வடிவில் வேண்டுமோ அவ்வடிவிலேயே கருவைத் திருத்தி நன்கு உலர்த்தினான்.

உலர்ந்த கருவைச் சூளை வாயில் காட்டிச் சூடேற்றி, கம்பியைச் சுழற்றிக்கொண்டே இளகிய கண்ணாடியை அதன்மேல் நூலாகச் சுற்றினான். சுற்றுகள் ஒன்றோடொன்று உருகிக் கலந்து கருவை முழுதும் மூடின. பின்னர் வழுவழுப்பான கற்பலகைமேல் உருட்டிச் சமன்செய்தான். சூடு தணியும் போதெல்லாம் மீண்டும் நெருப்பில் காட்டினான். இவ்வாறு காட்டுவதும் உருட்டுவதும் பலமுறை நிகழ்ந்தன.

அடுத்து அணிசெய்யும் வேலை. மஞ்சள், வெள்ளை, பசுநீலம் ஆகிய நிறக் கண்ணாடி நூல்களை உடலைச் சுற்றி வளையமாக ஓட்டினான். அவை இளகிய நிலையில் இருக்கும்போதே கூரிய கருவி ஒன்றால் மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் கீறி இழுத்தான். நேராக ஓடிய வளையங்கள் கருவியோடு சேர்ந்து வளைந்து அலையாகவும், இறகாகவும், தோரணமாகவும் மாறின. மறுபடியும் கல்லின்மேல் உருட்ட, நூல்கள் உடலுக்குள் அமிழ்ந்து ஒரே பரப்பாயின. இவ்வணி, பூசிய வண்ணமன்று, கண்ணாடிக்குள் கண்ணாடி. ஆகவேதான் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது உதிரவில்லை.

இறுதியில் வாய் விளிம்பையும், அடியையும், காதுகளையும் தனித்தனிக் கண்ணாடித் துளிகளால் ஒட்டவேண்டும். சூடான துளியைத் தோளில் வைத்து, இழுத்து, வளைத்து, விளிம்பின்கீழ் ஒட்டி அறுத்தால் ஒரு காது முடிந்தது. இரு காதுகளும் ஒத்திருப்பது கையின் பழக்கத்தையே பொறுத்தது. உற்று நோக்கினால், பல குப்பிகளில் இரு காதுகளும் சிறிதளவு வேறுபட்டிருப்பதைக் காணலாம்.

குப்பி முடிந்த பின்பும் அபாயம் நீங்கவில்லை. எரியும் விளக்கின் சிமினிமேல் ஒரு நீர்த்துளி பட்டால் அது வெடிப்பதை யாவரும் அறிவர். கண்ணாடியின் ஒரு பகுதி விரைந்து ஆறி மறுபகுதி சூடாக இருப்பதே காரணம். ஆகையால் குப்பியைத் தணிந்த சூட்டில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். நன்றாக ஆறிய பின்னரே கம்பியை உருவிக் கருவைச் சுரண்டி எடுத்தனர். ஒரு கருவுக்கு ஒரு குப்பிதான். கருவைச் சிதைக்காமல் குப்பியைப் பெற இயலாது. எனவே ஒன்றைப்போல் மற்றொன்று முழுதும் அமைவதில்லை.

நிறம் வந்த வழி

கருநீலம் கோபால்ட்டு என்னும் உலோகத்தால் வருவது. பசுநீலம் செம்பினால் வருவது. மஞ்சள், ஈயமும் அஞ்சனக்கல் உலோகமாகிய ஆன்டிமனியும் சேர்ந்ததன் விளைவு. வெள்ளை, சுண்ணாம்புச் சத்தும் ஆன்டிமனியும் கூடியதால் ஆயது. ஊதா நிறம் மாங்கனீசினால் பிறப்பது. ஆன்டிமனிக் கூட்டுப்பொருள் கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்களாக நின்று ஒளியைச் சிதறச் செய்கின்றது. அதனால் மஞ்சளும் வெள்ளையும் ஒளி புகாதனவாக அழுத்தமாகத் தெரிகின்றன. கருநீலப் பின்னணியில் அவை பளிச்சென்று எழுவதற்கு இதுவே காரணம். வெள்ளை உடலில் ஊதாக் கோடுகள் ஓடும் குப்பிகளும் உண்டு. அவை தொகையில் குறைந்தவை.

நால்வகை வடிவங்கள்

கிரேக்க உலகின் குப்பிகள் பெரும்பாலும் நான்கு வடிவங்களில் அடங்கும். நான்கும் கண்ணாடிக்கென்று புதிதாகப் பிறந்தவை அல்ல. முன்பே மண்ணிலும் கல்லிலும் உலோகத்திலும் வழங்கிய பெருங்கலங்களின் சிறு நிழல்கள் அவை.

'அலபாஸ்ட்ரான்' என்பது நீண்டுருண்ட உடலும் வட்டமான அடியும் கொண்டது. எகிப்தில் வெண்ணிறக் கல்லில் குடைந்த குப்பியே இதற்கு முன்மாதிரி. பெயரும் அக்கல்லோடு தொடர்புடையது. 'ஆம்போரிஸ்கோஸ்' மது, எண்ணெய் முதலியவற்றைக் கப்பலேற்றிய இருகாதுச் சாடியின் சிற்றுரு. 'அரிபல்லோஸ்' உருண்டையான எண்ணெய்க் குப்பி; உடற்பயிற்சி செய்யும் இளைஞர் தம் எண்ணெயை இவ்வடிவக் கலத்தில் எடுத்துச் சென்றதை மட்கலங்களில் தீட்டிய சித்திரங்கள் காட்டுகின்றன. 'ஒய்னோகோயே' மது வார்க்கும் கூசாவின் சிற்றுரு. மூவிதழாக மடிந்த வாயும், ஒற்றைக் காதும், தட்டையான அடியும் உடையது. இந்நான்கனுள் தன் அடியில் செவ்வனே நிற்பது இந்தக் கூசா ஒன்றே. ஏனையவற்றைத் தாங்கியில் வைக்கவோ, கயிற்றில் தொங்கவிடவோ, கையில் பிடிக்கவோ வேண்டும்.

இவற்றில் நிறைத்தது நறுநெய். ஆவியை வடித்துத் தைலம் இறக்கும் முறை அக்காலத்து வாசனைத் தொழிலில் இல்லை. ரோசா, ஐரிஸ் வேர், வெள்ளைப்போளம் முதலியவற்றை எண்ணெயில் ஊறவைத்தும் காய்ச்சியும் மணமேற்றினர். வாசனைகளைப் பற்றித் தனி நூல் எழுதிய தியோபிராஸ்டஸ், வெயிலும் வெப்பமும் நறுநெய்யின் மணத்தைக் கெடுக்கும் என்றும், ஈயக் கலமும் அலபாஸ்டர்க் கல் குப்பியும் அதனைக் காக்க ஏற்றவை என்றும் எழுதியுள்ளார். குளிர்ச்சியும் செறிவும் உள்ள கலமே நறுநெய்க்கு உகந்தது என்பது அக்காலத்தார் துணிபு. கனத்த, ஒளி புகாத கண்ணாடிக் குப்பியும் அப்பயனைத் தரவல்லது. மட்கலத்தைப் போல அது எண்ணெயை உறிஞ்சுவதும் இல்லை. குறுகிய கழுத்து, விலைமிக்க நெய்யைத் துளித்துளியாகவே விடும். அகன்ற தட்டை விளிம்பு, துளியை உடலில் தடவ உதவும். அழகு என்று தோன்றும் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு தேவையை நிறைவேற்றியது.

பிறந்த இடமும் பரவிய இடங்களும்

ரோட்ஸ் தீவின் கமைரோஸ், இயாலிசோஸ் ஆகிய பழம்பதிகளின் கல்லறைகளில் இக்குப்பிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆகவே தொடக்கக் காலக் குப்பிகளின் தலையாய தொழிற்களம் ரோட்ஸ் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கிருந்து கப்பலேறிய குப்பிகள் கிரேக்க நாடு, இத்தாலி, கருங்கடற் கரை, வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் எனப் பல திசைகளிலும் பரவின. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மக்கள் மொழியாலும் வழிபாட்டாலும் வேறுபட்டிருந்தும், தம் இறந்தோர் அருகில் ஒரேவகைக் குப்பியை வைத்தனர்.

டொனால்டு ஹார்டன் என்னும் அறிஞர், பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலைத் தொகுதிக்கு எழுதி 1981-இல் வெளிவந்த அட்டவணை நூலில், இக்குப்பிகளை மூன்று மத்தியதரைத் தொகுதிகளாக வகுத்தார். முதல் தொகுதி கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, 5-ஆம் நூற்றாண்டு இறுதியை ஒட்டி முடிகின்றது. இரண்டாவது கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 3-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செல்கின்றது. மூன்றாவது கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து, கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தை ஒட்டி மறைகின்றது. முதல் தொகுதியின் வடிவங்கள் கட்டுக்கோப்பானவை. கடைசித் தொகுதியில் உடல் மெலிந்து, கழுத்து நீண்டு, காதுகள் உயர்ந்து வளைந்து செல்கின்றன. இக்கடைசித் தொகுதி சிரியாக் கரையிலும் சைப்ரஸ் தீவிலும் செய்யப்பட்டிருக்கலாம் என்பர்.

உட்சுவர் கூறும் சான்று

மேலே கூறிய செய்முறை எளிதில் கண்டறியப்பட்டதன்று. எகிப்தில் அமர்னா என்னும் இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92-இல் அகழ்ந்தபோது, கண்ணாடித் தொழிலின் சிதறல்கள் பல கிடைத்தன. கம்பியின்மேல் மணல் கலந்த கரு அமைத்து அதன்மேல் கண்ணாடியைப் போர்த்தினர் என்று அவர் விளக்கினார். மணலைத் துணிப்பையில் கட்டிக் கருவாக்கினர் என்ற கருத்தும் எழுந்தது. உருகிய கண்ணாடியில் கருவை முக்கி எடுத்தனர் என்ற கருத்தும் எழுந்தது. நூலுக்கு நூல் இக்கருத்துகள் எடுத்தெழுதப்பட்டன. 'மணற்கருக் கண்ணாடி' என்ற பெயரே நெடுங்காலம் வழங்கியது.

ஐயம் எழுந்தபோது, அறிஞர்கள் நூலை மூடிவிட்டுக் குப்பியைத் திறந்து பார்த்தனர். குப்பியின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருக்க, உட்புறம் சொரசொரப்பாகவும் குழிகள் நிறைந்தும் இருந்தது. தோளின் வளைவிலும் கழுத்தின் அடியிலும், சுரண்டும் கருவி எட்டாத மூலைகளில், கருவின் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. 1960-களில் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் ஆய்வுக்கூடத்தில் எகிப்தியக் குப்பிகளின் துணுக்குகளைச் சோதித்தனர். வெறும் மணல் அன்று. இரும்புச் சத்துள்ள களிமண்ணும் தாவரப் பொருளும் கலந்த கலவை என்று தெரிந்தது.

கண்ணாடிச் சுவரும் சாட்சி பகர்ந்தது. அதில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சுற்றும் திசையில் நீண்டிருந்தன; கண்ணாடி நூலாகச் சுற்றப்பட்டது என்பதற்கு அது குறி. அணிநூல் தொடங்கும் இடத்தில் தடித்தும், முடியும் இடத்தில் மெலிந்தும் நின்றது. உடலில் நெடுக ஓடும் பள்ளங்கள், கீறி இழுத்த கருவியின் தடத்தைக் காட்டின. கழுத்தின் உட்துளை, கம்பியின் பருமனைச் சொல்லிற்று.

கண்ணால் கண்டதைக் கையால் செய்து பார்ப்பதே அடுத்த படி. அமெரிக்காவில் பிரெடரிக் ஷூலர் 1962-இலும், கண்ணாடிக் கலைஞர் டொமினிக் லபினோ 1966-இலும் தம் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். பின்வந்த கைவினைஞரும் சூளையருகில் நின்று முயன்றனர். கரு வெடித்தது ஏன், கண்ணாடி பிளந்தது ஏன் என்பதற்குத் தோல்விகளே விடை தந்தன. கலவையில் தாவரப் பொருள் சேர்ந்ததன் பயன் அப்போதுதான் நன்கு விளங்கிற்று. கண்ணாடியை முதலில் போர்த்தியது நூலாகச் சுற்றியா, தூளாகத் தூவி உருக்கியா என்பதில் சில கலங்களைப் பற்றிய விவாதம் இன்னும் உண்டு. ஆனால் அவ்விவாதமும் இப்போது குப்பியையும் சூளையையும் முன்வைத்தே நடைபெறுகின்றது.

ஊதுகுழலின் வருகை

கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் எவரோ ஒருவர், சூடான கண்ணாடிக் குழலின் ஒரு முனையை மூடி மறுமுனையில் ஊதினார். எருசலேம் பழநகரின் யூதர் பகுதியில் நாமான் அவிகாத் நடத்திய அகழ்வில், இத்தகைய ஊதிய குழல்களும் சிறு குமிழ்களும் தொழிற்கழிவுகளோடு கிடைத்தன. ஊதும் முறையின் குழந்தைப் பருவத்தைக் காட்டும் சான்று அது.

விளைவு பெரிது. கரு பிசைய வேண்டியதில்லை, உலர்த்த வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை. மூச்சே கருவாயிற்று. ஒரு கருக்குப்பி செய்யும் நேரத்தில் ஊதுபவன் பல குப்பிகளைச் செய்துவிடுவான். சுவர் மெல்லியதாயிற்று; ஒளி ஊடுருவிற்று; கலம் பெரியதாயிற்று. கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்னும் நிலநூலாசிரியர், ரோமாபுரியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை ஒரு செப்புக் காசுக்கு வாங்கலாம் என்று எழுதினார். பொன்னோடு எண்ணப்பட்ட பொருள், ஐந்து நூற்றாண்டுகளுக்குள் செப்புக் காசுக்கு விலையாயிற்று.

எளியவர் வீட்டிற்கும் கண்ணாடி வந்தது நன்மையே; அதில் ஐயமில்லை. ஆனால் அந்நன்மையோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள், இடையில் நலிந்தும் மீண்டும் தழைத்தும், கையிலிருந்து கைக்கு வந்த ஒரு திறமை, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்துபோயிற்று. கருவில் எவ்வளவு சாணம் சேர்ப்பது, எந்தச் சூட்டில் நூல் இழுப்பது, எப்போது கீறுவது என்பன செய்பவர் விரல்களில் இருந்தன. அவர்களிடம் கற்பதற்கு ஆள் இல்லாதபோது, அவர்களோடு அவையும் மறைந்தன. கிரேக்கர் நாடகம் எழுதினர், வரலாறு எழுதினர், வாசனையைப் பற்றியும் நூல் எழுதினர். அவ்வாசனையை அடக்கிய குப்பியை எவ்வாறு செய்வது என்பதை எழுதி வைத்தவர் நூல் ஒன்றும் எஞ்சவில்லை.

அதனை மீட்பதற்கு ஆய்வுக்கூடங்களும், சூளைகளும், பல அறிஞரின் உழைப்பும் வேண்டியிருந்தன. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளில் எளிதாகக் கற்பித்திருக்கக் கூடியதை, பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் உடைந்த துண்டுகளிலிருந்து எழுத்தெண்ணிப் படிக்க நேர்ந்தது. எழுதப்பட்டதே அறிவு என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஒரு சமுதாயத்தின் அறிவில் பெரும்பகுதி அதன் தொழிலாளர் கைகளில் வாழ்கின்றது. கற்பவன் ஒருவன் உள்ளவரையில் அது வாழும். அவன் இல்லாவிடில், குப்பியின் உட்சுவரில் ஒட்டிய மண்ணைப்போல, யாரேனும் வந்து தேடும்வரை இருளில் கிடக்கும்.